கொல்லைப்புறத்தில் சூரியன்

பெசன்ட் நகரில் கடற்கரையை ஒட்டி மச்சினன் வீடு. கொல்லையில் துவைக்கிற கல், நாலு வாழை, அழுது வடியும் 40 வாட் குண்டு பல்பு. போன மார்கழியில் எல்லாவற்றுக்கும் விமோசனம். புல்தரை, ஊஞ்சல், சுற்றிலும் எட்டு எல்.இ.டி. ஃப்ளட் லைட்!

"எப்படி அத்திம்பேர்?"

"பட்டப்பகல் மாதிரி இருக்குடா" என்றேன். பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். பக்கத்து வீட்டு மாமி ஜன்னலில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

மாமிக்காவது போர்வை இருக்கிறது. பங்குனி ஆமைக்கு?

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நம் கடற்கரை அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி. முட்டையை மணலில் புதைத்துவிட்டு அம்மா போய்விடும். சுமார் ஒன்றரை மாதத்தில், ராத்திரியில் வெளியே வரும் குஞ்சுக்குத் தெரிந்தது ஒரே பாடம்: வெளிச்சம் இருக்கிற பக்கம் கடல். பல கோடி வருஷமாகச் சரியாக இருந்த கணக்கு. நாம் லைட் போட்டதும் தப்பாகிவிட்டது. கடலுக்கு முதுகைக் காட்டி ரோட்டுக்கு வருகிறது. அப்புறம் நாய், காக்கா, கார் டயர்.

1988-லிருந்து மாணவர்கள் சிலர் ஓர் அமைப்பாகச் சேர்ந்து, சீசனில் ராத்திரி முழுக்க நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடக்கிறார்கள். முட்டைகளை எடுத்து வந்து, வேலிக்குள் பத்திரமாகப் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். சம்பளம் கிடையாது.

லைட்டே கூடாது என்று யார் சொன்னது? முழங்கால் உயரத்தில், தலையில் மூடி போட்டு, தரையைப் பார்க்க மங்கலாக ஒரு மஞ்சள் விளக்கு. பத்து மணிக்கு ஆஃப். ஊஞ்சலாட அது போதும்.

மச்சினனிடம் சொன்னேன். "உம்" என்றான். அடுத்த தடவை போனபோது எட்டில் ஆறு காணோம்.

நெகிழ்ந்துபோய், "ஆமைக்காகவாடா?" என்றேன்.

"ஈ.பி. பில் வந்தது, அத்திம்பேர்!"

போகட்டும். ஆமைக்கு வேண்டியது இருட்டு. காரணம் இல்லை.