பூசிய முகமும் பூட்டிய வாயும்

கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள்; மூடிக்கொள்வதில் தவறில்லை. களைத்தவன் கண் மூடுகிறான். கவலை கொண்டவன் கண் மூடுகிறான். இன்னிசை கேட்பவனும் கண் மூடுகிறான். ஆனால், மூடிய கண்ணைத் திறந்தவனிடம், கண்டதை வெளியே சொல்லாதே, சொன்னால் இயக்கத்தின் நற்பெயர் கெடும் என்று ஆணையிட்டால்? அந்த இடத்தில் தியானம் முடிகிறது, வாணிபம் தொடங்குகிறது என்கிறோம் நாம்.

மகேஷ் யோகியையும் அவர் பரப்பிய ‘ஆழ்நிலைத் தியான’த்தையும் பற்றியே பேசுகிறோம். 2008 பிப்ரவரி 5ஆம் நாள் நெதர்லாந்து நாட்டில் யோகியார் மறைந்தார். அவர் மறைந்தும் இயக்கம் மறையவில்லை. இயக்கத்தைப் பற்றிய வழக்கும் ஓயவில்லை. பல்லாண்டு உள்ளே இருந்து மனம் கசந்து வெளியேறியவர்கள் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். உள்ளே இருப்பவர்களோ, நல்ல காரியத்தின் முகத்தில் சேறு பூசாதீர் என்று கடிந்துகொள்கிறார்கள். யார் பக்கம் நியாயம்? ஆராய்ந்து பார்ப்போம், தோழர்களே!

அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்ற இளைஞர் அவர். வடபுலத்துச் சோதிர்மடத்தின் சங்கராச்சாரியாராக விளங்கிய பிரமானந்த சரசுவதியிடம் தொண்டராகச் சேர்ந்தார். குருவுக்கு அணுக்கத் தொண்டு புரிந்தார். 1953இல் குரு மறைந்தார். மடத்துப் பீடத்தில் அந்தத் தொண்டர் அமர முடிந்ததா? இல்லை! ஏன்? அவர் பிறந்தது காயத்தர் குலத்தில். பீடமோ பார்ப்பனருக்கே உரியது என்பது மரபு. படிப்பு இருந்தது, பற்று இருந்தது, பணிவு இருந்தது. பிறப்பு மட்டும் பொருந்தவில்லை! அந்த அநீதியை எதிர்த்து அவர் போர்க்கொடி உயர்த்தியிருந்தால் நாமே அவருக்கு மாலை சூட்டியிருப்போம். அவ்வழி அவர் செல்லவில்லை. தம்மை ஏற்காத பீடத்தின் குருவையே படமாக்கி முன்னே வைத்து, உலகளாவிய பீடமொன்றைத் தாமே எழுப்பப் புறப்பட்டார். 1957ஆம் ஆண்டின் முடிவில் சென்னையில் நடந்த ஆன்மிக மாநாட்டை ஒட்டித்தான் அவரது ‘ஆன்மிகப் புத்துயிர்ப்பு இயக்கம்’ உருவெடுத்தது. நம் தலைநகரிலே ஊன்றிய வித்து! அது காய்த்த கனி இனிப்பா, கசப்பா என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு.

கடல் கடந்தார் யோகியார், புகழ் வந்தது. 1967 ஆகஸ்டில் இலண்டனில் அவர் உரை கேட்ட பீட்டில்ஸ் பாடகர்கள் 1968 பிப்ரவரியில் ரிஷிகேசம் வந்து சேர்ந்தனர். பத்து நாளிலேயே ஊர் திரும்பினார் ரிங்கோ ஸ்டார். மார்ச்சில் மெக்கார்ட்னி புறப்பட்டார். ஏப்ரலில் லெனனும் ஹாரிசனும் கசப்போடு வெளியேறினர். லெனன் தம் கசப்பைப் பாட்டாகவே வடித்தார். குரு பெண்ணொருத்தியிடம் முறைதவறி நடந்தார் என்று அந்நாளில் எழுந்த பேச்சே கசப்புக்குக் காரணம் என்பர். அந்தப் பேச்சு நிறுவப்படவில்லை. நிறுவப்படாததை நாம் ஆயுதமாக ஏந்தமாட்டோம். ஹாரிசன் 1992இல் அந்த இயக்கத்தார் தொடங்கிய கட்சிக்காக இலண்டனில் பாடினார். மெக்கார்ட்னியும் ரிங்கோவும் 2009இல் தியானத்துக்கு நிதி திரட்ட நியூயார்க்கில் மேடை ஏறினர். இவற்றையும் சேர்த்தே சொல்கிறோம். மறைப்பது அவர்கள் தொழிலாக இருக்கலாம். நம் தொழில் அதுவன்று.

வதந்தி வேண்டாம், ஆவணம் பேசட்டும்!

இயக்கத்திற்கு இரண்டு முகங்கள். வெளிமுகம் அறிவியல் முகம். இது மதமன்று, வழிபாடன்று, நம்பிக்கையும் வேண்டா. நாளுக்கு இருமுறை, இருபது நிமிடம், கண்மூடி ஒரு சொல்லை உள்ளுக்குள் எண்ணினால் போதும் என்று சொல்லும் முகம் அது. 1970இல் ராபர்ட் கீத் வாலசு என்பாரின் ஆய்வு ‘சயின்ஸ்’ ஏட்டில் வெளிவந்தது. தியானிப்போர் உடல் உயிர்வளியைக் குறைவாக நுகர்கிறது என்றது அந்த ஆய்வு. 1975இல் ‘டைம்’ ஏட்டின் அட்டையிலேயே யோகியாரின் படம் வந்தது. புன்னகை விற்றது, பூ விற்றது, பயிற்சியும் விற்றது!

தியானத்தில் நன்மையே இல்லையா? உண்டு என்போருடன் நாம் மல்லுக்கு நிற்கவில்லை. அமைதியாக அமர்ந்தால் அமைதி கிடைக்கும். அதற்கு ஆராய்ச்சிகூட வேண்டுவதில்லை. 2013இல் அமெரிக்க இதய நோய்ச் சங்கம், குருதியழுத்தம் குறைய இத்தியானத்தைத் துணைமுறையாகக் கருதலாம் என்று அறிக்கை தந்தது. பயன் சிறிதளவே என்பதும் அதில் அடங்கும். சிறிதோ பெரிதோ, நன்மை நன்மையே. ஆனால், அந்த நன்மை அந்த மந்திரத்துக்கே உரியதா? வாலசுடன் சேர்ந்து ஆய்வு நடத்தியவரே ஹெர்பர்ட் பென்சன் என்ற ஆர்வர்டு மருத்துவர். 1975இல் அவர் நூலொன்று எழுதினார். மந்திரம் வேண்டாம், குரு வேண்டாம், காணிக்கை வேண்டாம். ‘ஒன்று’ என்ற எளிய சொல்லை மூச்சோடு சேர்த்துச் சொல்லிவந்தாலும் உடல் அதே தளர்வை அடையும் என்று விளக்கினார். காசில்லாமல் கிடைப்பதைக் கட்டணம் வைத்து விற்றவர்களுக்கு இது இனிக்குமா? அமெரிக்காவில் ஒரு கட்டத்தில் பயிற்சிக் கட்டணம் 2,500 டாலர் வரை ஏறியது. தனக்கென்றே தேர்ந்து தரப்பட்ட மந்திரம் என்று நம்பிச் சீடன் பெற்றுச் சென்ற சொல், பெரிதும் வயதை வைத்து ஒரு சிறு பட்டியலிலிருந்து எடுத்துத் தரப்படுவது என்பதை இயக்கத்தின் முன்னாள் ஆசிரியர்களே பின்னாளில் வெளியிட்டனர்.

இனி உள்முகம் காண்போம். 1975-76இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஐந்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் இத்தியானம் பாடமாக நுழைந்தது. ‘படைப்பறிவின் அறிவியல்’ என்று பாடத்துக்குப் பெயர்! ஒவ்வொரு மாணவனும் மந்திரம் பெறுமுன் பூசை ஒன்றுக்கு வரவேண்டும். பழமும் பூவும் வெள்ளைக் கைக்குட்டையும் கொண்டுவரவேண்டும். பிரமானந்த சரசுவதியின் படத்தின் முன் ஆசிரியர் வடமொழியில் துதி பாடுவார். மாணவனுக்கு அந்த மொழி தெரியாது, பொருளும் சொல்லப்படாது. மதமன்று என்றார்கள், துதி பாடினார்கள்! வழிபாடன்று என்றார்கள், படத்தின்முன் படையல் வைத்தார்கள்! பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 1977இல் நீதிமன்றம், இது மதச் சார்புடையது, அரசுப் பள்ளியில் இதற்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

அதோடு நின்றதா? 1976 முதல் உயர்நிலைப் பயிற்சி வந்தது. பறக்கும் ஆற்றலும் அதன் வாக்குறுதிகளுள் ஒன்று. 1986இல் வாசிங்டனில் செய்தியாளர்களை அழைத்துக் காட்டினார்கள். என்ன காட்டினார்கள்? காலை மடித்து அமர்ந்தவர்கள் மெத்தையின்மீது துள்ளினார்கள்! நம் தெருக் குழந்தைகள் காசு வாங்காமல் செய்யும் வித்தை! 1991இல் அமெரிக்க மருத்துவச் சங்க ஏட்டில், யோகியார் பெயரிலான ஆயுர்வேத முறைகளைப் புகழ்ந்து கட்டுரை வந்தது. எழுதியவர்களுக்கு அந்த மருந்து வாணிபத்தோடு பொருளாதாரத் தொடர்பு உண்டு என்பது சொல்லப்படவில்லை. உண்மை தெரிந்ததும் அதே ஏடு, அதே ஆண்டில் திருத்தமும் விரிவான புலனாய்வும் வெளியிட்டது. 1993 கோடையில் ஏறத்தாழ 4,000 பேரை வாசிங்டனில் கூட்டித் தியானிக்க வைத்து, குற்றம் குறைந்தது என்று பறைசாற்றினார்கள். அந்த ஆய்வை நடத்திய ஜான் ஹேகலினுக்கு 1994இல் கிடைத்தது, நகைப்புக்கென்றே வழங்கப்படும் ‘இக் நோபல்’ பரிசு!

இவ்வளவையும் கண்டு கசந்தவன் கேள்வி கேட்டால் என்ன விடை வந்தது? இயக்கத்தின் கோட்பாட்டில் ஒரு சூழ்ச்சி உண்டு. தியானத்தால் மனம் தெளிந்தால் அது தியானத்தின் வெற்றி. தியானத்தால் மனம் கலங்கினால் அது உள்ளே தேங்கிய அழுத்தம் வெளியேறும் அறிகுறி. ஆகவே அதுவும் தியானத்தின் வெற்றி! தலை விழுந்தால் எனக்கு, பூ விழுந்தாலும் எனக்கு என்று சொல்பவனோடு எவன் காசு சுண்டி ஆட முடியும்? தோல்வியே இல்லாத கோட்பாடு உண்மையானது என்று எண்ணாதீர்கள். சோதனைக்கே உட்படாதது என்று எண்ணுங்கள். பிழை எப்போதும் சீடன் பக்கம். பெருமை எப்போதும் குருவின் பக்கம். இந்தக் கணக்கிலே ஆண்டுகளைத் தொலைத்தவன் வெளியே வந்து அழும்போது, அவன் கண்ணீரையும் அவதூறு என்பது அறமாகுமா?

டேவிட் சீவ்கிங் என்ற செருமானிய இளைஞரின் கதையைப் பாருங்கள். திரைப்பட இயக்குநர் டேவிட் லிஞ்சின்மீது கொண்ட பற்றால் தியானம் கற்கச் சென்றவர், பகைவராகச் சென்றவரல்லர். கண்டதைப் படமாக்கினார். 2010இல் பெர்லின் திரைவிழாவில் அந்தப் படம் வந்தது. மறுப்பு எழுதினார்களா? விளக்கம் தந்தார்களா? வழக்குத் தொடுப்போம் என்ற மிரட்டலே முந்தி வந்தது. தம் முகத்தில் கறையில்லை என்று நம்புவோர் கண்ணாடியை உடைக்க ஓடுவரோ?

நற்பெயரைக் காக்கச் சொல்வோர் மூன்று வாதங்களை முன்வைக்கின்றனர். மூன்றையும் நிறுத்துப் பார்ப்போம்.

முதல் வாதம்: நாங்கள் நலம் பெற்றோமே என்பது. பெற்றீர்கள், மகிழ்கிறோம். நீங்கள் பெற்ற நலம் உங்களுக்குச் சான்று. அடுத்தவன் பட்ட துன்பத்தை அது பொய்யாக்காது. ஓட்டலில் உண்ட பத்துப் பேர் நலமாக இருப்பதால், பதினோராமவனின் வயிற்றுவலி நடிப்பாகிவிடுமா?

இரண்டாம் வாதம்: தவறு சிலருடையது, தத்துவம் தூயது என்பது. பூசையை மறைக்கச் சொன்னது சிலரா? கற்பிக்கும் முறையிலேயே அது இருந்தது. பறக்கலாம் என்று வாக்களித்தது யாரோ கடைநிலைத் தொண்டரா? தலைமையே வாக்களித்தது. கிளையிலே புழு இருந்தால் கிளையை வெட்டலாம், வேரிலேயே இருந்தால்?

மூன்றாம் வாதம்: வெளியே சொன்னால் எதிரிக்கு வாய்ப்பு என்பது. இதைத்தான் நாம் மிகவும் அஞ்சுகிறோம். இது இந்த இயக்கத்துக்கு மட்டும் உரிய நோயன்று. மடத்துக்கு வரும், மன்றத்துக்கும் வரும், கட்சிக்கு வரும், கழகத்துக்கும் வரும். உண்மையைவிட உருவம் பெரிது என்று எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து எந்த அமைப்பும் உள்ளே உளுக்கத் தொடங்குகிறது. ஐயம் கொண்டவனை உடன்வைத்து விடை சொல்லும் இயக்கம் வளரும். வெளியே தள்ளி வாயைப் பூட்டும் இயக்கம், வண்ணம் பூசிய மண்சுவர். அடுத்த மழை வரைக்கும்தான் அதன் அழகு!

கரும்பலகையின் முன் நின்று பிழைப்பவர்கள் நாம். எனவே இந்த வழக்கு எங்கோ நடக்கும் வேடிக்கை என்று நம்மால் இருக்க முடியவில்லை. 1979இல் தீர்ப்பு உறுதியானபின் அந்தப் பாடம் பள்ளிக்கூடத்தை மறந்ததா? 2005இல் லிஞ்ச் தம் பெயரில் அறக்கட்டளை கண்டார். ‘அமைதி நேரம்’ என்ற புதுப்பெயர் பூண்டு, சிகாகோ நகரப் பள்ளிகளுக்குள் 2015 அளவில் அதே தியானம் நுழைந்தது. அதே பூசை, அதே வடமொழித் துதி, அதே இரகசிய மந்திரம் என்று மாணவர்கள் நீதிமன்றத்தில் முறையிட்டார்கள். பெற்றோரிடம் சொல்லவேண்டாம் என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாகவும் முறையிட்டார்கள். 2023இல் கல்வி வாரியமும் அறக்கட்டளையும் ஒரு முன்னாள் மாணவிக்கு 1,50,000 டாலர் கொடுத்து அந்த வழக்கை முடித்துக்கொண்டன. பெயர் மாறியது, பூச்சு மாறியது, தலைமுறை மாறியது. பூட்டு மட்டும் மாறவில்லை!

ஒரு குழந்தையிடம், இதை உன் தாயிடம் சொல்லாதே என்று சொல்லும் கல்வி எந்த நாட்டில் நடந்தாலும் அது கல்வியன்று. அதன் கட்டணம் டாலரானாலும் சரி, இலவசமானாலும் சரி. ஏன் என்று கேட்கக் கற்றுக்கொடுப்பதே ஆசிரியன் தொழில். கேட்காதே என்று சொல்லும் சொல் எத்துணை இனிமையான குரலில் வந்தாலும், எத்துணை வெண்தாடியின் நடுவிலிருந்து வந்தாலும், அது நம் தொழிலுக்குப் பகையே.

தியானத்தை நாம் தடுக்கவில்லை. அமர விரும்புவோர் அமரட்டும்; கண் மூட விரும்புவோர் மூடட்டும். ஆனால் நான்கு கேள்விகளை மடியில் கட்டிக்கொண்டு செல்லுங்கள், தோழர்களே! என்ன விலை? எதற்கு இரகசியம்? தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு? விட்டு வெளியேறியவர்கள் என்ன சொல்கிறார்கள்? இந்த நான்குக்கும் முகம் சுளிக்காமல் விடை தருகின்ற இடம் எதுவாயினும் அங்கே அமருங்கள். விடை தர மறுத்தால், மூடிய கண்ணைத் திறந்து எழுந்து வாருங்கள். வந்து, கண்டதைச் சொல்லுங்கள். கேட்க நாம் இருக்கிறோம்.