ரவுட்டர் எங்கே இருக்க வேண்டும்?

எங்கள் வீட்டுக்கு இணைய இணைப்புப் பொருத்த வந்தவர், "எங்கே வைப்பது?" என்று கேட்டிருக்கிறார். நான் பாடசாலையில். உம்மா குசினியில். முன் ஹோலில் இருந்த வாப்பா, டீவி மேசைக்குப் பின்னால் இடம் காட்டினார். வேலை முடிந்தது.

உயர்தரம் படிக்கும் என் அறை வீட்டின் கடைசியில். இடையில் மூன்று சுவர்கள். இரவு உயிரியல் வகுப்பில் ஆசிரியையின் படம் அசையாமல் நின்றுவிடும். குரல் துண்டு துண்டாக வரும். ஹோலில் போய் இருக்கலாம்தான். வாப்பாவைக் காண யாரும் வந்தால் புத்தகங்களை அள்ளிக்கொண்டு எழும்ப வேண்டும். சிறுநீரகப் பாடம் எனக்கு அப்படித்தான் பாதியில் போனது. நானாவுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. யார் வந்தாலும் அவர் அங்கேயே இருந்து படிப்பார்.

"பெரிய பெக்கேஜ் எடுப்போம்" என்றார் வாப்பா. ஆனால் குறை பெக்கேஜில் இல்லை, சுவரில். வைபை ஒரு வானொலி அலை. ஒவ்வொரு சுவரும் அதன் பலத்தைக் குறைக்கும்; இரும்புக் கம்பி வைத்த கொங்கிரீட் இன்னும் அதிகமாகக் குறைக்கும். இரும்பு அலுமாரியும் நிலைக்கண்ணாடியும்கூடத் தடைதான். 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை வேகமானது. சுவர் கடப்பதில் 2.4 தான் கெட்டி.

ஆகவே ரவுட்டர் வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் இருக்க வேண்டும். முடியாவிட்டால் ரிப்பீட்டர் ஒன்று வைக்கலாம். அதைச் சிக்னல் இல்லாத அறையில் வைத்துப் பயனில்லை. நல்ல சிக்னல் கிடைக்கும் பாதி வழியில் வைக்க வேண்டும். எல்லாவற்றிலும் நம்பிக்கையானது லேன் வயர். 100 மீற்றர் வரை இழுக்கலாம், சுவர் ஒரு பொருட்டே அல்ல.

"பெண் பிள்ளையின் அறைக்கு இணையம் எதற்கு? கண் முன்னே இருக்கட்டும்" என்று சில பெற்றோர் நினைக்கலாம். அந்தக் கவலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விருந்தினர் வந்ததும் எழும்ப வேண்டிய இடம் படிக்கும் இடமாகாது. நடு அறையில் மேசை போட்டு, கதவைத் திறந்து வைத்தால் உம்மாவின் பார்வையும் இருக்கும், பாடமும் தடைப்படாது.

அன்புப் பெற்றோரே, அடுத்த முறை "எங்கே வைப்பது?" என்று ஒருவர் கேட்டால், பதில் சொல்லும் முன் வீட்டில் படிக்கும் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.