சாவி யார் கையில்?

கம்ப்யூட்டரில் இறக்கி வைத்து உபயோகிக்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் செயலி ஒன்றில், நேற்று வரை இருந்த ஒரு நுழைவு வழியை இன்று காணோம் என்று வைத்துக்கொள்வோம். "கூகுள் மூலம் நுழைக" என்றோ "ஆப்பிள் மூலம் நுழைக" என்றோ இருந்த பொத்தான் போய்விட்டது. முன்னறிவிப்பு இல்லை; காரணமும் இல்லை. கேட்டால், "வேறு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் போயிற்று! இதற்கு ஏன் இவ்வளவு கூச்சல்?" என்று கம்பெனிக்காரன் வாய்திறக்கும் முன்பே அவனுக்காகப் பரிந்து பேச நம்மவர்களே வந்துவிடுகிறார்கள். இந்தச் சமாதானத்துக்கு எவ்வளவு யோக்கியதை இருக்கிறது என்று சற்று விசாரித்துப் பார்ப்போம்.

முதலாவது, அந்தக் கதவுக்கு உள்ளே இருப்பது என்ன? ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டுத் திருத்தி வைத்த பாடக் குறிப்புகள் இருக்கின்றன. ஒரு சிறு வியாபாரியின் கடிதங்களும் கணக்குகளும் இருக்கின்றன. ஒரு வக்கீல் குமாஸ்தா சுருக்கி எடுத்த தஸ்தாவேஜுகள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. கம்பெனியின் சர்வரில்தான் இருக்கிறது. செயலி உங்கள் மேசைமேல் இருந்தாலும் சரக்கு இருப்பது அவன் கிடங்கில். அன்றியும், மாதாமாதம் பணம் கட்டுகிறவன் உள்ளே போக முடியாமற் போனால், அந்தச் சந்தாவை நிறுத்துவதற்கும் பெரும்பாலும் உள்ளேதான் போயாகவேண்டும்! இதை அற்ப விஷயம் என்று சொல்லுகிறவன் தன் சொந்த அலமாரியின் சாவியை ஒரு வாரம் நம்மிடம் கொடுத்துவிட்டுப் பேசட்டும்.

நிற்க, "கூகுள் மூலம்", "ஆப்பிள் மூலம்" என்பதெல்லாம் எப்படி நடக்கிறது? பொத்தானை அழுத்தினால் பிரவுசர் திறக்கிறது. இன்னார்தான் என்று கூகுள் சோதித்துப் பார்த்து, செயலிக்கு ஓர் அடையாளச் சீட்டு அனுப்புகிறது. செயலி உங்கள் கடவுச்சொல்லைப் பார்ப்பதே இல்லை. 2012-ல் வெளிவந்த ஓஆத் 2.0 என்ற விதிமுறையும், அதன்மேல் 2014-ல் அமைந்த ஓபன்ஐடி கனெக்ட் என்ற விதிமுறையும் இந்த ஏற்பாட்டுக்கு ஆதாரம். இதில் சௌகரியம் உண்டு என்பதில் நமக்கு ஆக்ஷேபணையில்லை. ஆனால் வீடு ஒருவனுடையதாயும், வாசற்காவலன் மற்றொருவனுடைய ஆளாயும், உள்ளே இருக்கும் பொருள் மூன்றாமவனாகிய உங்களுடையதாயும் இருக்கிறது. முன்னிருவருக்கும் மனஸ்தாபம் வந்தால் வெளியே நிற்பவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

"அதே மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு வேறு வழியில் நுழையலாமே" என்பார்கள். முகவரி ஒன்றாயிருந்து, கம்பெனியும் அதை ஒப்புக்கொண்டால் நுழையலாம். ஆனால் ஆப்பிள் மூலம் நுழைகிறவர்களுக்கு, சொந்த முகவரியை மறைத்து வேறொரு மாற்று முகவரியைக் கொடுக்கும் வசதி இருக்கிறது. அதை உபயோகித்தவர்களில் அநேகருக்குத் தாங்கள் எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறோம் என்பதே ஞாபகம் இராது. பொத்தான் போனால் தன் பெயர் இன்னதென்று தானே சொல்லத் தெரியாதவன் கதியாக அவர்கள் நிற்கவேண்டியதுதான்.

இது வெறும் கற்பனைப் பயம் என்று நினைப்பவர்கள் நடந்த சங்கதிகளைப் பார்க்கட்டும். பல தளங்களுக்கு ஒரே சாவியாயிருந்த மைஓபன்ஐடி 2014 பிப்ரவரியில் மூடப்பட்டது. மோசில்லாவின் பெர்சோனா 2016 நவம்பர் 30-ல் மூடப்பட்டது. 2020-ல் எபிக் கேம்ஸ் கம்பெனிக்கும் ஆப்பிளுக்கும் வழக்கு மூண்டபோது, செப்டம்பர் 11 முதல் ஆப்பிள் மூலம் நுழையும் வழி நின்றுவிடக்கூடும் என்றும், எல்லோரும் முகவரியையும் கடவுச்சொல்லையும் சரிசெய்துகொள்ள வேண்டும் என்றும் எபிக் அறிவித்தது. பிறகு காலவரையறையின்றி அவகாசம் கிடைத்ததாக அதே எபிக் சொல்லிற்று. இரண்டு முதலாளிகளின் சண்டையில், விளையாட வந்தவன் நடுத்தெருவில் நிற்கப் பார்த்தான். 2021 அக்டோபர் 4-ல் பேஸ்புக் சுமார் 6 மணி நேரம் படுத்துவிட்டபோது, பேஸ்புக் சாவியை மட்டும் நம்பியிருந்தவர்கள், பேஸ்புக்குக்குச் சம்பந்தமில்லாத இடங்களிலும் நுழைய முடியாமல் திண்டாடினார்கள்.

இனி, "எல்லாம் பாதுகாப்புக்காக" என்ற மந்திரத்தை எடுத்துக்கொள்வோம். பாதுகாப்புக்காக ஒரு வழியை மூட நேரிடலாம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். செயலிக்குள்ளேயே ஒரு சிறு ஜன்னலைத் திறந்து அதில் கூகுள் கடவுச்சொல்லைக் கேட்டால், அந்தச் செயலியே அதைத் திருடிக்கொள்ள இடமுண்டு. ஆகையால்தான், தனிப் பிரவுசரில் மட்டுமே இதைச் செய்யவேண்டுமென்று 2017-ல் வந்த ஆர்.எஃப்.சி. 8252 என்ற விதி சொல்லுகிறது. கூகுளும் அம்மாதிரி ஜன்னல்களைத் தடுத்துவிட்டது. 2018-ல் பேஸ்புக்கில் சுமார் 3 கோடிப் பேருடைய அடையாளச் சீட்டுகள் திருடு போனதும் உண்மையே. இவையெல்லாம் யோக்கியமான காரணங்கள். யோக்கியமான காரணம் இருக்குமானால் அதை வாய்விட்டுச் சொல்ல என்ன தடை? முப்பது நாள் முன்னதாக ஒரு கடிதம் எழுத எவ்வளவு செலவாகும்? மனிதன் கேட்கும் எந்தக் கேள்விக்கும் விடை சொல்லும் என்று விளம்பரம் செய்து விற்கிறவர்கள், "என் பொத்தான் எங்கே?" என்ற ஒரு கேள்விக்கு மாத்திரம் ஊமையாகிவிடுவானேன்?

ஆனால் கம்பெனிக்காரனைவிட நம்மவர்களின் புத்தியே நமக்கு அதிக விசனத்தைத் தருகிறது. "பெரிய கம்பெனி செய்தால் காரணமில்லாமலா இருக்கும்?" என்கிறார்கள். காரணம் இருக்கலாம், ஆனால் அது யாருக்கு லாபமான காரணம் என்றல்லவா கேட்கவேண்டும்? பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை நம்புவதற்கும், பெரிய கம்பெனி செய்தது என்பதற்காக ஒன்றைச் சகித்துக்கொள்வதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் யோசிக்கவேண்டிய மூளைக்கு லீவு கொடுத்தாகிவிட்டது.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை நான்கு. ஒன்று, எந்த மூன்றாவது கம்பெனியின் தயவும் வேண்டாத ஒரு சொந்த வழி, அதாவது மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அல்லது பாஸ்கீ, ஒவ்வொரு செயலியிலும் கட்டாயம் இருக்கவேண்டும். இரண்டு, ஒரே கணக்குக்கு இரண்டு வழிகளையாவது சேர்த்துக்கொள்ள உரிமை வேண்டும். மூன்று, ஒரு வழியை மூடுமுன் காரணமும் அவகாசமும் கொடுக்கவேண்டும். நான்கு, நம் எழுத்தை நாம் முழுதும் எடுத்துக்கொண்டு போக வசதி வேண்டும். இந்த நான்காவது ஒன்றும் பேராசையல்ல. ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 20-வது பிரிவு 2018 முதல் அதை அங்குள்ளவர்களுக்கு உரிமையாக்கியிருக்கிறது. இந்தியாவின் 2023-ம் வருஷச் சட்டமோ, விவரங்களைத் தெரிந்துகொள்ளவும் திருத்தவும் அழிக்கவும் உரிமை கொடுத்தும், எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமையை மட்டும் விட்டுவிட்டது. கேளாத ஜனங்களுக்கு யார் கொடுப்பார்கள்?

தோழர்களே! சட்டம் வரும்வரையில் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. இன்றே உங்கள் கணக்கைத் திறந்து, எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழி ஒன்று கொடுக்கப்பட்டிருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதி வைத்ததை மாதம் ஒருமுறை உங்கள் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வையுங்கள். இதில் எதையும் செய்ய இடங்கொடாத செயலிக்குச் சந்தா கட்டுவதை நிறுத்துங்கள். காசு கொடுத்தும் கதவண்டை கெஞ்சி நிற்கிறவனுக்கு வாடிக்கைக்காரன் என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?