ஜீப்பில் ஏறும் தாய்க்குக் காவல் யார்?



பொழுது புலருமுன்பே கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஊர்களிலிருந்து ஜீப்புகள் புறப்படுகின்றன. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போர் நம் தாய்மார்கள், நம் தங்கைகள். கையிலே தூக்குவாளி, நெஞ்சிலே அன்றைய கூலிக் கணக்கு. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே மலையேறி, இடுக்கியின் ஏலத்தோட்டங்களிலே காய் பறித்து, மாலையிலே திரும்புகிறார்கள். திரும்ப முடியாத நாளும் வந்ததே, மறந்துவிட்டோமா?

2011 டிசம்பரை எண்ணிப் பாருங்கள்! இடுக்கியிலே சிறுசிறு நில அதிர்வுகள். முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிடும் என்ற பீதி. பீதி வெறியாயிற்று, வெறி வீதிக்கு வந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டனர், மிரட்டப்பட்டனர். பெண்கள் தங்களுக்கு நேர்ந்த இழிவைக் கண்ணீரோடு சொன்னார்கள். பிள்ளையை இடுப்பிலே தூக்கிக்கொண்டு, காட்டுப் பாதையிலே இறங்கி வந்தவர்கள் உண்டு. இங்கே கம்பம் பள்ளத்தாக்கு கொதித்தது. பல்லாயிரவர் குமுளி நோக்கி நடந்தனர். எல்லைப் பாதை அடைபட்டது. 144 தடை உத்தரவு வந்தது. அடைபட்டது பாதை மட்டுமா? அடுப்பும் அணைந்தது!

உலகப் பல்கலைக்கழகங்களிலே இன்று 'மனிதப் பாதுகாப்பு' என்றொரு ஆராய்ச்சி நடக்கிறது. நாட்டின் பாதுகாப்பு என்றால் எல்லையும் பட்டாளமும் பீரங்கியும் என்றுதான் முன்பு பேசினார்கள். 1994 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட அறிக்கை அந்தப் பேச்சை மாற்றிற்று. அறிக்கையை வழிநடத்தியவர் பாகிஸ்தானின் பொருளியல் அறிஞர் மஹ்பூப் உல் ஹக். வருவாய், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், உயிர், சமூகம், அரசியல் உரிமை — இந்த ஏழிலும் மனிதனுக்குக் காப்பு வேண்டும். அச்சமும் இல்லாமையும் அகல வேண்டும் என்றது அது.

ஏட்டிலே எழுதிய ஏழையும் நம் தோட்டத் தொழிலாளியோடு பொருத்திப் பாருங்கள். கூலி போனது, உணவு போனது, உயிர் ஊசலாடியது — எல்லாம் ஒரே வாரத்தில்!

போர் மூண்டால் பொதுமக்களைக் காக்க 1949 ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம் உண்டு. ஒரே நாட்டின் இரு மாநிலங்கள் மோதிக்கொண்டால்? போலீஸ் உண்டு, சட்டம் உண்டு என்பார்கள். உண்டுதான்! காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி 1991 டிசம்பரில் பெங்களூரிலே தமிழர் தாக்குண்டபோதும் இருந்தன. 2016 செப்டம்பரில் அதே நகரிலே தமிழகப் பேருந்துகள் எரிந்தபோதும் இருந்தன. வீடு எரிந்த பிறகு வந்து சாம்பலை அளப்பதா காவல்?

1886 இல் குத்தகை ஒப்பந்தம். 1895 இல் அணை. 2014 மே 7 இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு, 142 அடி வரை தேக்கலாம் என்று. நம் உரிமை அது. ஓர் அங்குலமும் விட்டுத்தர மாட்டோம். அணையை மேற்பார்வையிடக் குழு அமைத்தது நீதிமன்றம். நன்று! நீரை அடிக்கணக்கில் அளந்தவர்கள், மலையேறும் மக்களை ஆள் கணக்கிலாவது எண்ணினார்களா?

நாம் கேட்பது பெரிதல்ல. தேனி, இடுக்கி ஆட்சியர்களும் காவல்துறையினரும் அமைதியான நாளிலேயே கூடிப் பேசட்டும். எந்த ஊரார் எந்தத் தோட்டத்திலே வேலை செய்கிறார்கள் என்ற பதிவேடு இருக்கட்டும். கலவரம் என்றால் அவர்களைப் பத்திரமாக இறக்கிவரப் பாதையும் வண்டியும் காவலும் முன்கூட்டியே முடிவாகட்டும். வேலை இழந்த நாளுக்கு நிவாரணம் கிடைக்கட்டும். பல்கலைக்கழக அறிஞர்களே! தொலைதூரப் போர்க்களங்களை ஆராயுங்கள்; அப்படியே ஒருநாள் விடியலிலே கம்பம்மெட்டுக்கும் வாருங்கள்!

கழகத் தோழனே, உனக்கும் ஒரு சொல். அந்த நாட்களிலே நம் பக்கத்திலும் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. டீக்கடை நாயரா அணையின் உயரத்தை நிர்ணயித்தார்? அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றிலே உறக்கமின்றிக் கிடந்த ஏழையின் அச்சமும் அச்சந்தானே! அந்த அச்சத்தைக் கிளப்பி அரசியல் செய்தவனோடு வாதாடு; அஞ்சியவனை அடிக்காதே. நம் உரிமைக்கு அது வலிவு சேர்க்காது. மலைமேல் இருக்கும் நம் தங்கைக்கே ஆபத்தாகத் திரும்பும்.

ஏலக்காய் போடியிலும் ஏலம் போகிறது, இடுக்கியின் புற்றடியிலும் ஏலம் போகிறது. எந்த எல்லையும் அதை மறிக்கவில்லை. அதைப் பறித்த கைக்கு மட்டும் ஏன் அச்சம்? இதற்கு விடை கேட்போம், இரண்டு அரசுகளிடமும்!