பெண்ணுக்குப் புரியும் மொழியில் மருத்துவம்

2012 ஜனவரி 7 இரவு, பீகார் மாநிலம் அராரியா மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளிக் கட்டடத்தில், இரண்டே மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. செய்தவர் ஒரே மருத்துவர். வெளிச்சத்துக்கு டார்ச் விளக்கு. இக்கொடுமையை எதிர்த்து தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தபோதே, 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாம்களில் 13 பெண்கள் பலியாயினர். ஒரு முகாமில் மட்டும் 83 பெண்கள் சில மணி நேரத்தில் அறுவைக்கு உள்ளாக்கப்பட்டிருந்தனர்.

இறந்தவர்களில் பைகா பழங்குடிப் பெண்ணும் உண்டு. அருகிவரும் சமூகத்தைக் காப்பதாகக் கூறி, பைகாக்களுக்கு இந்த அறுவையைச் செய்யக் கூடாது என 1979இலேயே அன்றைய மத்தியப் பிரதேச அரசு ஆணையிட்டிருந்தது. ஏட்டில் தடை, களத்தில் இலக்கை நிரப்பும் முகாம். பெண்ணின் விருப்பத்துக்கு இரண்டிலும் இடமில்லை.

2016 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், மூன்றாண்டுகளுக்குள் முகாம் முறையை முடிவுக்குக் கொண்டுவர உத்தரவிட்டது. அறுவையின் விளைவுகளைப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், யோசித்து முடிவெடுக்க அவகாசம் தர வேண்டும் என்றும் கூறியது. நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம் சொல்லித்தான் இது தெரிய வேண்டும் என்ற நிலையே வெட்கக்கேடு.

பழங்குடிப் பெண்கள் மூடநம்பிக்கையால் மருத்துவமனைக்கு வருவதில்லை என்பது அதிகார வர்க்கத்தின் பழைய பல்லவி. ஆனால் 2005-06இல் 38.7 சதவீதமாக இருந்த மருத்துவமனைப் பிரசவங்கள் 2019-21இல் 88.6 சதவீதமாக உயர்ந்துள்ளதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. பெண்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்களை வரவேற்பது எது? கோண்டியும் சந்தாலியும் மட்டுமே அறிந்தவரிடம் இந்தியிலோ ஒடியாவிலோ அதட்டல். உடன் வந்த தாயும் மாமியாரும் வாசலிலேயே நிறுத்தப்படுகின்றனர். குந்தியமர்ந்து பிள்ளை பெறும் வழக்கமுள்ளவர் மல்லாந்து படுக்க வைக்கப்படுகிறார். பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கலாம் என 2016இல் ஒன்றிய அரசே அறிவுறுத்தியது. பல மருத்துவமனைகளின் கதவுகளை அது இன்னும் எட்டவில்லை.

வேறு வழி உண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் கோண்டு மக்களின் யோசனையைக் கேட்டு, அவர்களது கிராமத்தின் சாயலிலேயே ஒரு மருத்துவமனை எழுப்பப்பட்டது. நோயாளியுடன் உறவினர் தங்கவும் இடமுண்டு. தந்தேஸ்வரி தேவியின் பெயரா என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அங்கே மருத்துவ அறிவியல் விட்டுக்கொடுக்கப்படவில்லை, மக்களின் அச்சம்தான் அகன்றது. ஒடிசாவின் தொலைதூரப் பகுதிகளில், பேறுகாலம் நெருங்கிய பெண்கள் முன்கூட்டியே வந்து தங்க 'மா கிருஹ' இல்லங்களை மாநில அரசே நடத்துகிறது.

பன்மைப் பண்பாட்டை மதிக்கும் மருத்துவம் ஊழியர்களுக்கு ஒருநாள் வகுப்பெடுப்பதால் வந்துவிடாது. பழங்குடி இளம்பெண்களைச் செவிலியர்களாகப் பயிற்றுவித்து நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டும். அதற்கு நிதி வேண்டும். 2025க்குள் பொதுச் சுகாதாரச் செலவை உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்ற 2017ஆம் ஆண்டுக் கொள்கை காகிதத்திலேயே நின்றுவிட்டது.

இன்று குடிசைக்கும் மருத்துவமனைக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக, துணையாக, பல வேளைகளில் வாதாடுபவராகவும் நிற்பவர் ஆஷா ஊழியரே. அவரை 'தன்னார்வலர்' என்கிறது அரசு. ஊதியம் கிடையாது, ஊக்கத்தொகை மட்டுமே. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்குமாறு 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசுப் பிரதிநிதிகளும் அமர்ந்திருந்த மாநாடு அது. பரிந்துரை இன்னும் கிடப்பிலேயே கிடக்கிறது.