சாதுப் பாம்புகளின் கெட்ட பெயர்

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் மேற்கே, மலையடியில் இருக்கிறது அடி அண்ணாமலை. மலையும் வயலும் ஏரியும் ஒட்டிக்கிடக்கும் இப்படிப்பட்ட ஊர்களில் கண்ணில் படும் பாம்புகளில் பெரும்பாலானவை சாது. இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உண்டு. மனிதருக்கு ஆபத்தான நஞ்சுள்ளவை சுமார் 60. சாவுகளில் பெரும்பங்கு நான்கினுடையது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். ஆனால் ஊர்க்கதைகளில் பழி சுமப்பவை பெரும்பாலும் நஞ்சில்லாதவையே.

அதிகம் அடிபட்டுச் சாவது சாரை. ஆள் உயரத்தையும் தாண்டி வளரும், பகலில் திரியும், வேகமாக ஓடும். அதனால் எளிதில் கண்ணில் படுகிறது. மாட்டின் மடியில் பால் குடிக்கும், வாலால் அடித்தால் உடம்பு அழுகும், நல்ல பாம்போடு இணை சேரும் என்பதெல்லாம் அதன்மேல் உள்ள புகார்கள். ஒன்றுகூட உண்மையில்லை. பின்னிப்பிணைந்து எழும் இரண்டும் பெரும்பாலும் ஆண் சாரைகள், பெண்ணுக்காக மல்லுக்கட்டுகின்றன. சாரையின் முக்கிய உணவு எலி. சாரையை அடித்துவிட்டு எலி மருந்து வாங்க அலைவது விவசாயிக்குத்தான் நட்டம்.

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்குமாம். அதற்கு நஞ்சே கிடையாது. கண்ணைக் கொத்தும் என்று அஞ்சப்படும் பச்சைப்பாம்பின் நஞ்சு ஓணானுக்கும் தவளைக்கும் மட்டுமே போதுமானது. மண்ணுளியின் கதை இன்னும் பரிதாபம்: நக்கினால் வெண்குட்டம் வரும் என்று ஒரு பக்கம் பயம், இருதலைப் பாம்பு என்று லட்சக்கணக்கில் விலைபேசும் மோசடி மறுபக்கம்.

அதே திருவண்ணாமலை மலையில் வாழ்ந்த ரமண மகரிஷி பாம்புகளை அடிக்க விடமாட்டார். அவற்றின் இடத்துக்கு நாம்தான் வந்திருக்கிறோம் என்பது அவர் கட்சி.

சாதுவைக் கொடியதாக எண்ணினால் பாம்பு சாகும். கொடியதைச் சாதுவாக எண்ணினால் மனிதர் சாவார். கட்டுவிரியனைப் போலவே வெள்ளைப் பட்டைகள் கொண்டது வெள்ளிக்கோல் வரையன். நஞ்சற்ற இந்த வரையனுக்குக் கழுத்தருகிலேயே பட்டைகள் தெளிவாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனுக்குக் கழுத்தைத் தாண்டித் தொடங்கி வால்வரை நீளும். இரவு விளக்கொளியில் இதையெல்லாம் யாரும் ஆராய முடியாது. தரையில் தூங்குபவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. வயிற்றுவலி, இமை தொங்குதல் என்று தொடங்கி மூச்சு நிற்கும்.

மந்திரமும் பச்சிலையும் பலித்துவிட்டதாகத் தோன்றுவதும் சாதுப் பாம்புகளின் புண்ணியம்தான். கடித்தது நஞ்சற்றதாக இருந்தாலும், நஞ்சுள்ளதே நஞ்சைச் செலுத்தாமல் வெறுமனே கடித்திருந்தாலும், வைத்தியர் எதைக் கொடுத்தாலும் ஆள் பிழைப்பார்.

உண்மையான மருந்து அந்த நான்கு பாம்புகளின் நஞ்சிலிருந்தே தயாராகிறது. பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றுபோனதால் பிழைப்பிழந்த இருளர் பழங்குடியினருக்காக 1978-இல் வடநெம்மேலியில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் இதற்கு நஞ்சு எடுத்துத் தருகிறது. பிடித்த பாம்பிடம் நஞ்சு எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பாம்பு கடித்தால் அது சாதுவா கொடியதா என்று தேடிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.