மலைச்சரிவில் ஜேசிபி வேண்டாம், சகோதரி

கேள்வி: "கோத்தகிரி பக்கத்தில் என் மாமனார் வாங்கிய 40 சென்ட் தோட்டம் இருக்கிறது. அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. இப்போது முழுக்க உண்ணிச்செடி மண்டிவிட்டது. நடுவில் பேரி, பிளம்ஸ் மரங்கள் பத்துப் பன்னிரண்டு நிற்கின்றன. மாமியார் அங்கேதான் தனியாக இருக்கிறார். எவ்வளவு கூப்பிட்டும் சாரத்துக்கு வர மாட்டேன் என்கிறார். அடுத்த பொங்கலுக்குள் தோட்டம் தோட்டமாகத் தெரியாவிட்டால் விற்றுவிடலாம் என்று கொழுந்தனார் சொல்லிவிட்டார். இந்தப் பொங்கல் லீவில் ஜேசிபி வைத்து ஒரே நாளில் சுத்தம் செய்துவிட்டு, ஆடிப்பட்டத்தில் உருளைக்கிழங்கு போடலாமா? கையில் 60,000 ரூபாய் இருக்கிறது."
– வாசகி, சாரம், புதுச்சேரி.

பதில்: ஜேசிபிக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் முதலில் அதைத் திருப்பி வாங்கிவிடுங்கள். நீலகிரியில் அனுமதி இல்லாமல் மண்வாரி இயந்திரத்தை இறக்க முடியாது. மரம் வெட்டவும் அப்படித்தான். 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் சொந்தப் பட்டா நிலத்து மரத்துக்கும் பொருந்தும். ஆனால் நான் வேண்டாம் என்பதற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை.

படித்து முடித்த கையோடு, அரசு வேலைக்கு வருமுன், குன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் மேற்பார்வை பார்த்தேன். சமவெளிக்காரனுக்குத் தரை சுத்தமாக இருந்தால்தான் திருப்தி. புரட்டாசியில் ஒரு சரிவு முழுவதையும் வழித்தெடுக்கச் சொன்னேன். அங்கிருந்த வயதான தொழிலாளி ஒருவர், "மழை வருதுங்களே" என்று மட்டும் சொன்னார். ஐப்பசியில் இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் கீழே ஓடைப் பாலத்தடியில் எங்கள் மேல்மண் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அதைத் திரும்ப மேலே ஏற்ற வழியே கிடையாது.

உங்கள் நிலம் இருக்கும் பக்கத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தொட்டபெட்டா மலை மறைப்பதால் கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழை குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மழையின் மண்சரிவுகளில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆகவே உங்கள் ஒரு வருடத் திட்டத்துக்குக் கெடு பொங்கல் இல்லை, செப்டம்பர் கடைசி. அதற்குள் நிலத்தில் ஒரு சாண் மண்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. மற்ற வேலையெல்லாம் இதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் வந்துவிடும்.

ஜனவரியில் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. அதை உங்கள் மாமியார்தான் செய்ய முடியும். விடிந்ததும், வெயில் ஏறுமுன், புல்லில் உறைபனி வெள்ளையாக எங்கே படிந்திருக்கிறது என்று பார்த்து அங்கே ஒரு குச்சி நடச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் உங்களுக்கு வரைபடமே கிடைத்துவிடும். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கீழ்ப்பக்கம் அடர்ந்த வேலி இருந்தால் அணை கட்டியது போல நிற்கும். அந்த வேலியில் இடைவெளி விட வேண்டும். குச்சி நட்ட இடத்தில் பீன்ஸும் தக்காளியும் குளிர்காலத்துக்கு ஆகாது.

அதே மாதத்தில் மரங்களுக்குக் கவாத்து. பிளம்ஸ் சீக்கிரம் பூக்கும், அதனால் அதை முதலில் முடியுங்கள். பேரியைப் பிறகு பார்க்கலாம். ஆறு வருடம் வளர்ந்த கிளைகளை ஒரே தடவையில் வெட்டித் தள்ளினால் மரம் பழத்தை மறந்து நீர்க்குச்சிகளாகத் தள்ளும். காய்ந்ததும், ஒன்றோடொன்று உரசுவதும் முதலில் போகட்டும். மீதியை மூன்று வருடத்தில் பங்கிட்டு எடுங்கள். வெட்டுக்காயத்துக்குப் போர்டோ பசை பூச வேண்டும்: 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். இரும்புப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் வாளி போதும். (பிரான்சில் திராட்சைக்குக் கண்டுபிடித்த மருந்து. புதுச்சேரிக்காரர்களுக்குப் 'போர்தோ' என்றால் உடனே புரியும்.)

உண்ணிச்செடியைப் பிப்ரவரியில் தொடங்குங்கள். சரிவுக்குக் குறுக்கே 10 அடி அகலத்துக்கு வெட்டி, அடுத்த 10 அடியை அப்படியே விட வேண்டும். தரைக்கு மேலே வெட்டினால் மறுபடி தழைத்துவிடும். மண்ணுக்குச் சற்றுக் கீழே தூரை அறுத்துத் தலைகீழாகக் கவிழ்க்கச் சொல்லுங்கள். வெட்டிய செடியைக் கொளுத்தாமல் குறுக்குவாட்டில் வரிசையாகப் போட்டால், வரும் மண்ணை அது பிடித்துக்கொள்ளும். புதருக்கடியில் மாமனார் வெட்டிய படித்தளங்களும் கல்வரப்பும் இருக்கக்கூடும். ஜேசிபி இறங்கியிருந்தால் அவைதான் முதலில் போயிருக்கும். கோடை மழையில் வெட்டிய பட்டைகளில் பட்டாணி, லூபின் விதைத்து அவை மண்ணை மூடிய பிறகு, மீதிப் பட்டைகளை ஜூலை, ஆகஸ்டில் எடுத்து அங்கேயும் விதையுங்கள். நம் ஊர்ச் சணப்பு, தக்கைப்பூண்டு விதையைக் கொண்டுபோகாதீர்கள், அந்தக் குளிரில் ஏறாது.

அடுத்தது மண். நீலகிரி மண் புளிப்பு மண்; கார அமில நிலை பல இடங்களில் 5-ஐ ஒட்டியே இருக்கும். அந்த நிலையில் போடும் மணிச்சத்தை மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டு வாசலில் ஹைட்ரேஞ்சியா இருந்தால் அதன் பூ என்ன நிறம் என்று மாமியாரிடம் கேளுங்கள். நல்ல நீலம் என்றால் புளிப்பு. இது அடையாளம்தான், மண் பரிசோதனை செய்து, அதில் சொல்லும் அளவுக்கு டோலமைட் போடுங்கள், நடவுக்கு ஒரு மாதம் முன்பாக.

உருளைக்கிழங்கு முதல் வருடம் வேண்டாம். ஆடிப்பட்டம் நம் ஊர்க் கணக்கு. மலையில் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று வேறு கணக்கு உண்டு. அதைவிடப் பெரிய விஷயம் முட்டைக்கூட்டு நூற்புழு. 1961-இல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரியில்தான். அதன் முட்டைக்கூடுகள் கிழங்கு போடாத நிலத்திலும் பல வருடம் உயிரோடு கிடக்கும். மாமனார் கிழங்கு பயிரிட்டாரா என்று விசாரியுங்கள். ஊட்டி முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அடுத்த வருடம் எதிர்ப்புத் திறனுள்ள குஃப்ரி சுவர்ணா போன்ற ரகங்கள் பற்றி அங்கே கேளுங்கள். அங்கிருந்து விதைக்கிழங்கையோ மண்ணோடு செடியையோ இங்கே எடுத்து வராதீர்கள்.

60,000 ரூபாயில் பெரும்பகுதி ஆள் கூலிக்கே போகும், போகட்டும். 10,000 ரூபாயைத் தொடாமல் அடுத்த ஜனவரிக் கவாத்துக்கு வையுங்கள். களை எடுப்பதைப் பாதியில் நிறுத்தினால் உண்ணி இரண்டே வருடத்தில் திரும்ப வந்துவிடும்.

கடைசியாகக் கொழுந்தனார் விஷயம். அடுத்த பொங்கலுக்கு அவர் வந்தால் இலையில்லாத மரமும், குறுக்கே கிடக்கும் காய்ந்த சருகும்தான் தெரியும். வருமானம் எதுவும் இருக்காது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கெடுவை ஒரு மாதம் தள்ளிக் கேளுங்கள். மாசியில் பேரி பூக்கும்போது அவரைக் கூட்டிப் போங்கள்.